சங்கீத வானொலி தேடி மதுரைக்கு

வெள்ளி, ரயிலில்

வைகை எக்ஸ்பிரஸ் திண்டுக்கல்லை விட்டுக் கிளம்பிவிட்டது. இன்னும் கொடை ரோடு, சோழவந்தான், அப்புறம் மதுரை. எதிர் இருக்கைக்காரர் முறுக்குப் பொட்டலத்தை நீட்டியபடி என்ன விசேஷம் என்று விசாரித்தார். நவராத்திரி, சித்தி வீடு என்றேன். அதுவும் காரணம்தான். இன்னொரு காரணத்தைச் சொல்லியிருந்தால் முறுக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டிருப்பார். ஒரு பல்கலைக்கழகம் தன் பெயரில் உரிமம் வாங்கி, நாள் முழுவதும் சாஸ்திரிய இசையை மட்டும் ஒலிபரப்பும் வானொலி நம் பக்கத்தில் ஏன் முளைக்கவில்லை, முளைப்பதானால் அதற்கு என்ன வேண்டும் என்று பார்க்கப் போகிறேன்.

அப்படி ஒன்று எங்காவது உண்டா என்று கேட்கலாம். உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் வேலை பார்த்த காலத்தில் காரில் ஏறியதும் என் கை தானாக 91.5-க்குப் போகும். கே.யு.எஸ்.சி. தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான நிலையம். 1946-இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதற்குக் கை கொடுத்தவர் ஜார்ஜ் ஆலன் ஹான்காக்: எண்ணெய்க் கிணறுகளில் பணம் பார்த்தவர், கப்பல் ஓட்டியவர், செல்லோ வாசித்தவர். 1928-இல் அமெரிக்காவிலிருந்து பசிபிக் பெருங்கடலைத் தாண்டி ஆஸ்திரேலியாவுக்குப் பறந்த முதல் விமானத்துக்குப் பணம் போட்டவரும் இவர்தான். இப்படி ஒரு மனிதர் நம் ஊரில் இருந்திருந்தால் மண்டகப்படி நடத்தி, மண்டபத்தில் பெயர் வெட்டியிருப்பார். அங்கே வானொலி வந்தது.

பணக்காரரின் ஆசை மட்டும் போதாது, சட்டமும் இடம் கொடுத்தது. பண்பலைக்கு 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் என்று 1945-இல் அமெரிக்கர்கள் வகுத்தபோதே, 88 முதல் 92 வரையிலான பகுதியைக் கல்விக்காகவும் வணிகம் செய்யாதவர்களுக்காகவும் தனியே ஒதுக்கிவிட்டார்கள். அதற்குள் சோப்புக் கம்பெனி நுழைய முடியாது. செலவுக்கு நேயர்கள் கொடுக்கிறார்கள். வருடத்தில் சில நாட்கள் அறிவிப்பாளர்களே வெட்கப்படாமல் கை நீட்டுவார்கள். அந்த நாட்களில் நானும் எரிச்சலோடு நிலையம் மாற்றியிருக்கிறேன், பிறகு பணமும் அனுப்பியிருக்கிறேன்.

மேற்கத்திய இசையில் எனக்கு அரிச்சுவடியே தெரியாது. ஆனால் ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒரு குரல் வரும். இது செக் இசையமைப்பாளர் டுவோர்ஷாக் 1893-இல் நியூயார்க்கில் இருந்தபோது எழுதி முடித்த சிம்பொனி, வாசித்தது இன்ன குழு, நடத்தியவர் இன்னார். கூடவே, இரண்டாம் பகுதியில் தனித்து வரும் அந்தக் குழலைக் கவனித்தீர்களா என்று ஒரு வார்த்தை. நாலு வருடப் போக்குவரத்து நெரிசலில் அந்தக் குரல்தான் எனக்கு வாத்தியார். இன்று கைபேசியைத் தட்டினால் சங்கீதம் கொட்டுகிறது. பொறுக்கி எடுத்து, இது இன்னது என்று சொல்லிக் கையில் கொடுக்கத்தான் ஆள் இல்லை. அந்த ஆளைத் தேடித்தான் இந்தப் பயணம்.

மதுரை ஏன் என்றால், பெயரைப் பாருங்கள். மதுரை புஷ்பவனம் ஐயர், மதுரை மணி ஐயர், மதுரை சோமு, மதுரை பொன்னுசாமிப் பிள்ளை. எம்.எஸ். என்பதில் உள்ள எம் கூட மதுரைதான்.

சனி, சிம்மக்கல்

ஆகாசவாணியின் தொடக்க இசை கேட்டுத்தான் விழித்தேன். தம்பூராவின் மேல் மெல்ல ஏறும் அந்த வயலின் துணுக்கை நம்மில் பலர் ஏதோ வேத காலத்துச் சொத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அமைத்தவர் வால்டர் காஃப்மன். ஹிட்லர் காலத்து ஐரோப்பாவை விட்டு 1934-இல் பம்பாய்க்கு வந்து, அகில இந்திய வானொலியில் வேலை பார்த்த யூதர். பிறந்த ஊர் இன்றைய செக் நாட்டில் இருக்கிறது, அதாவது டுவோர்ஷாக்கின் நாட்டுக்காரர். சிவரஞ்சனியின் சாயலை எங்கே பிடித்தாரோ!

சித்தியின் சமையலறை அலமாரியில் மஞ்சள்தூள் டப்பாவுக்கும் பெருங்காய டப்பாவுக்கும் நடுவில் வானொலிப் பெட்டி. முள் 103.3-ஐ விட்டு நகர்ந்து பல காலம் ஆகியிருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கில் குமிழ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. திருப்பப் போனேன். “அதைத் தொடாதே அப்பா, திரும்ப நிலையம் கிடைக்காது” என்று சித்தி அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார். வேளாண்மைச் செய்தி, பக்திப் பாட்டு, மாநிலச் செய்தி, நடுவில் கொஞ்சம் கர்நாடக இசை. அந்தக் கொஞ்சம் வரும்போது மட்டும் குக்கர் விசில் அடிக்காதபடி சித்தி அடுப்பைத் தணிக்கிறார்.

என் கைபேசியில் இயர்போனைச் செருகி 88-இலிருந்து 108 வரை ஓட்டினேன். 93.5, 98.3, 106.4, எல்லாவற்றிலும் சினிமாப் பாட்டு. குறையாகச் சொல்லவில்லை. ஏலத்தில் எடுத்தவர்கள், விளம்பரத்தில் பிழைப்பவர்கள், அவர்களுக்கு வேறு வழி கிடையாது.

சித்தப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தல்லாகுளத்தில் சத்குரு சங்கீத சமாஜத்துக் கச்சேரிகளுக்கு, லட்சுமி சுந்தரம் அரங்கில் ஒரே இருக்கையில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தவர். பல்கலைக்கழக வானொலி என்று நான் ஆரம்பித்ததும் எழுந்து போய் பீரோவிலிருந்து நாற்பது பக்க நோட்டுப் புத்தகங்களை அள்ளிவந்து போட்டார். வானொலியில் கேட்ட கச்சேரிகளின் கணக்கு. தேதி, பாடியவர், வயலின், மிருதங்கம், ராகம், தாளம், இயற்றியவர் என்று பென்சிலால் கோடு போட்ட கட்டங்கள். 1952-இல் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சி சனிக்கிழமை இரவுகளில் வரும்; அந்தப் பக்கங்களில் மட்டும் சிவப்பு மை. சில கட்டங்களில் ராகத்துக்கு எதிரே கேள்விக்குறி. அறிவிப்பாளர் விழுங்கிவிட்டார் அல்லது மின்சாரம் போய்விட்டது என்றார். சாருகேசிக்கும் சரசாங்கிக்கும் வித்தியாசம் தெரிந்தது வானொலியில் பெயர் சொன்னதால்தான், என்னை எந்தக் குருவும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை என்றார். லாஸ் ஏஞ்சலஸ் நெடுஞ்சாலையில் எனக்கு நடந்தது இவருக்குச் சிம்மக்கல்லில் நடந்திருக்கிறது.

ஆகாசவாணியே 2016 குடியரசு நாளன்று ‘ராகம்’ என்று 24 மணி நேரச் சாஸ்திரிய இசை வரிசை தொடங்கியதை நினைவுபடுத்தினேன். சித்தப்பா கைபேசியில் அதையும் கேட்கிறார். இந்துஸ்தானியும் கர்நாடகமும் கலந்து நாடு முழுவதற்கும் ஒரே வரிசை. “நல்ல வரிசைதான். ஆனால் நேற்று நம் ஆடி வீதியில் யார் வாசித்தார் என்று அதில் சொல்வார்களா?” என்று கேட்டார்.

மாலையில் கோயில். வழியில் அனுமந்தராயன் கோவில் தெரு, எம்.எஸ். 1916-இல் பிறந்த தெரு. முகப்பில் வீணை வடித்த அந்த வீட்டைத் தேடி நிற்பவர்களைத் தெருக்காரர்களுக்குப் பழகிவிட்டது. கேட்பதற்கு முன்பே கை காட்டினார்கள். அம்மா சண்முகவடிவு வீணை, பாட்டி அக்கம்மாள் வயலின். பெண்கள் மூன்று தலைமுறையாகச் சங்கீதம் காத்த தெருவில் இப்போது மொத்த வியாபாரம் நடக்கிறது. நின்று பார்க்க இடமில்லை, பின்னால் ஒரு சரக்கு வண்டி ஒலி எழுப்பியது.

மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை; வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதில் ஒரு நன்மை இருக்கிறது. ஆடி வீதி நவராத்திரிக் கச்சேரியில் யாரும் கையைத் தூக்கிப் படம் எடுக்கவில்லை. எல்லோரும் பாடகியைப் பார்த்தார்கள், பிள்ளைகள் மட்டும் தரையில் உருண்டன. பாடியவர் நல்ல குரல். ஆனால் எந்தப் பாட்டுக்கும் ராகம் சொல்லவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் மூன்றாவது பாட்டின்போது என்னிடம் கேட்டார், நான் சித்தப்பாவிடம் கேட்டேன், அவர் முன்வரிசைக்காரரிடம் உறுதி செய்துகொண்டார். பூர்விகல்யாணி. ஒரு மேடை மைக் செய்யவேண்டிய வேலையை நாங்கள் நாலு பேர் காதோடு காதாகச் செய்தோம்.

இரவு பள்ளியறை பூஜை. சொக்கநாதரின் பாதுகையைப் பல்லக்கில் அம்மன் சந்நிதிக்கு எடுத்துச் செல்கிறார்கள், முன்னால் நாகஸ்வரமும் தவிலும். கோயில் மரபில் விடியற்காலைக்குப் பூபாளம், காலைக்குப் பிலஹரி, உச்சிப் பொழுதுக்கு மத்தியமாவதி, அந்திக்குப் பூர்விகல்யாணி, சுவாமி பள்ளியறைக்குப் போனபின் நீலாம்பரி என்று ஒரு ஒழுங்கு உண்டு. சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்ற நாகஸ்வர இசை. சாமானியன் ராகத்தைக் கேட்டே மணி சொல்லியிருப்பான். நாள் முழுவதற்குமான நிகழ்ச்சி நிரல் இந்த ஊரில் எழுதித் தயாராக இருக்கிறது. எழுதியவர்கள் டிரான்ஸ்மிட்டரைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள், அவ்வளவுதான்.

ஞாயிறு, திருப்பரங்குன்றம்

பெரியார் நிலையத்தில் பஸ் ஏறி, பசுமலை வழியாகத் திருப்பரங்குன்றம். பசுமலையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. ஞாயிறு என்பதால் மூடியிருந்தது, இறங்கவில்லை.

இங்கே வந்தது முருகனுக்காக மட்டும் இல்லை, சங்க நூலான பரிபாடலுக்காகவும். எழுபது பாட்டுகளில் முழுதாகக் கிடைத்தவை 22. அவற்றில் செவ்வேளுக்கு, அதாவது முருகனுக்கு, உரிய பாட்டுகள் இந்தக் குன்றைப் பற்றிப் பேசுகின்றன. வையைக்கு உரியவை நாம் பாலத்தின் மேலிருந்து மணலைப் பார்த்துப் பெருமூச்சு விடும் அதே ஆற்றைப் பற்றி. கல்லூரியில் படித்தபோது பாட்டை மட்டும் படித்தேன். அடியில் உள்ள குறிப்பை யாரும் நடத்தவில்லை, பரீட்சைக்கு வராது என்று விட்டுவிட்டார்கள். இப்போது குன்றின் நிழலில் உட்கார்ந்து அந்தக் குறிப்புகளைத்தான் படித்தேன். எட்டாம் பாட்டின் அடியில் மூன்று செய்திகள் இருக்கின்றன: பாட்டை எழுதியவர் ஆசிரியன் நல்லந்துவனார், இசை அமைத்தவர் மருத்துவன் நல்லச்சுதனார், பண் (அந்தக் காலத்து ராகம்) பாலையாழ். இதே வரிசையில் மற்றப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கும். பெரும்பாலும் எழுதியவர் வேறு, இசை அமைத்தவர் வேறு, இருவருக்கும் தனித்தனியே பெயர் உண்டு, பண்ணுக்கும் பெயர் உண்டு. நல்லச்சுதனார் மருத்துவம் பார்த்துக்கொண்டே மெட்டுப் போட்டவரோ என்று யோசித்து மலையடிவாரத்தில் வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

91.5-இன் அறிவிப்பாளர் சொல்வதும் இந்த மாதிரிக் குறிப்புதான். ஏடு எழுதியவர்கள் அதை விடாமல் நகல் எடுத்திருக்கிறார்கள். இசை தொலைந்துவிட்டது, இசை அமைத்தவர் பெயர் தொலையவில்லை.

இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சித்தப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, சாப்பாடு ஆறுகிறது, பேருந்து பிடித்து வா என்றார்.

மாலையில் கொலுவுக்கு ஆட்கள் வந்தார்கள். சித்தியின் கொலுவில் ஐந்தாம் படியில் தலையாட்டி பொம்மை, அதற்கும் கீழே மணலில் பிள்ளைகள் போட்ட வைகை அணை. பக்கத்து வீட்டுப் பெண் இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டுப் படிக்கிறாள். கொலு பார்க்க வந்தவர்கள் பாடாமல் சுண்டல் கிடையாது என்பது சித்தி வீட்டுச் சட்டம். உட்கார்ந்ததும் அவள் முதலில் பேசினாள்: “மாயாமாளவகௌளையில் பாடப்போகிறேன், மேருசமான. தியாகராசர் கீர்த்தனை.” அப்புறம்தான் பாடினாள். சித்தப்பா முகத்தில் வந்த மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தைத் தேடப் போய்விட்டார்.

சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே விசாரித்தேன். வானொலியில் குரல் தேர்வுக்குத் தயாராகிறாள். பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரவரிசை; முதலில் பி வாங்க வேண்டும். “வாங்கினால் வருடத்துக்கு ஒரு சில முறை பாட அழைப்பார்கள், மாமா. அதை வைத்துப் பிழைக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியர் வேலை வந்தால் உண்டு. எனக்கு அறிவிப்பாளர் ஆகத்தான் ஆசை. இசை தெரிந்த அறிவிப்பாளர் வேண்டும் என்று எங்கே கேட்கிறார்கள்?”

நான் கேட்கிறேன், ஆனால் என்னிடம் நிலையம் இல்லை.

திங்கள், தேனி சாலை

தேனி சாலையில் காமராசர் பல்கலைக்கழகத்தின் வாசலைத் தாண்டிப் போகிறது பஸ். 1966-இல் தொடங்கிய பல்கலைக்கழகம். நாகமலை ஒரு பக்கம் நீண்டு கிடக்க, அத்தனை பெரிய வளாகம். ஹான்காக் மாதிரி ஒருவர் இருந்திருந்தால் என்று மனக்கணக்குப் போட்டபடியே தாண்டிவிட்டேன். நான் போனது வேறு ஒரு கல்லூரி வளாகத்துக்கு. அங்கே ஒரு சமுதாய வானொலி இருக்கிறது. பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

இரண்டு அறைகள். முதல் அறையில் கண்ணாடிக்குப் பின்னால் ஒலிக்கலவைப் பலகை. எந்தக் குமிழ் யாருக்கு என்று வெள்ளை நாடாவில் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்: ‘விருந்தினர்’, ‘அக்கா’, ‘தொடாதே’. உள்ளறையில் துளைப்பலகை ஒட்டிய சுவர், பழைய கம்பளம், சிவப்புப் பஞ்சுத் தொப்பி போட்ட மைக்குகள். ஒரு பாட்டி மாட்டுக்கு வரும் கோமாரி நோயைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு, நான் பேசியது எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூலையில் ஒலிபரப்புக் கருவி, 50 வாட். கூரையில் சுழலும் பழைய மின்விசிறியின் வாட் கணக்கே இதைவிட அதிகம். இதை வைத்துக்கொண்டு சுற்றுவட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போகிறார்கள், மலை மறைக்காத பக்கம்.

பொறுப்பாளர் தமிழ்த் துறைப் பேராசிரியை. சட்டத்தை விரல்நுனியில் வைத்திருந்தார். அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. கல்வி நிறுவனங்கள் வானொலி நடத்தலாம் என்று 2002 டிசம்பரில் அரசு அனுமதித்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகம் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியைத் தொடங்கியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. கோபுரம் முப்பது மீட்டருக்கு மேல் போகக்கூடாது, வீச்சுத்திறன் 100 வாட்டுக்குள், ஆகாசவாணிச் செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாமே தவிரச் சொந்தமாகச் செய்தி கூடாது, நிகழ்ச்சியில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்பில் உருவாக வேண்டும்.

ஆக, நம் பல்கலைக்கழகங்களுக்கு உரிமம் கிடைக்காமல் இல்லை. அமெரிக்காவில் ஒதுக்கிய அந்த நான்கு மெகாஹெர்ட்ஸ் போலப் பெரிய தோட்டம் கிடைக்கவில்லை, கொல்லைப்புறம்தான் கிடைத்தது. அதுவும் சமுதாயத்துக்கு என்று கொடுத்தது, சங்கீதத்துக்கு என்று இல்லை. இது நியாயமான நிபந்தனை. கோமாரி நோயைப் பற்றிப் பேசிய பாட்டியை இறக்கிவிட்டு அந்த நேரத்துக்குத் தோடி ராகத்தை ஏற்ற வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன்.

ஆனால் ஒன்றைக் கேட்டேன். உள்ளூர்ச் சமுதாயம் என்றால் யார் யார்? சுற்றியுள்ள கிராமக் கோயில்களில் நாகஸ்வரம் வாசிக்கிறவர்கள் அதில் இல்லையா? இசைக் கல்லூரிப் பிள்ளைகள்? பஜனை மடத்து ஆட்கள்? அந்தப் பாதியை இவர்களைக் கொண்டே நிரப்பலாமே.

பேராசிரியை சிரித்தார். “ஐயா, நாட்டுப்புறப் பாட்டு நிறையப் போடுகிறோம். கர்நாடக இசை என்றால் எங்கள் பெண்களே நமக்கு எட்டாது என்று ஒதுங்குகிறார்கள். இசைத்தட்டு வாங்கிப் போடவும் உரிமைத்தொகைக்கும் எங்களிடம் பணம் இல்லை.”

உரிமைத்தொகைக்கு என்னிடம் பதில் இருந்தது. நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1968-இல் மறைந்த மதுரை மணி ஐயரின் பழைய இசைத்தட்டுகளில் பல, எம்.எஸ். சிறுமியாகப் பாடிக் கொடுத்த தட்டுகள் எல்லாம் அந்த வேலியைத் தாண்டிவிட்டன. தியாகராசர் 1847-இல் போய்ச் சேர்ந்தவர், யாரிடமும் தொகை கேட்க மாட்டார். இருந்தும் தட்டு எதற்கு, ஆட்களே இருக்கும்போது?

எட்டாது என்பதற்குத்தான் நான் எடுத்துக்காட்டுத் தேட வேண்டியிருந்தது. கே.யு.எஸ்.சி. பற்றிச் சொன்னேன், சித்தப்பாவின் கட்டம் போட்ட நோட்டைப் பற்றிச் சொன்னேன். இரண்டாவதுதான் அவரை அசைத்தது என்று நினைக்கிறேன். தொலைபேசியை எடுத்து யாருக்கோ பேசினார். பக்கத்து ஊர் மாரியம்மன் கோயில் நாகஸ்வரக்காரர் நாளைக்கு வருவாராம், சும்மா பதிவு செய்து பார்க்கலாம் என்றார். யார் பேசுவது என்று கேட்டார். எனக்கு ஓர் ஆள் தெரியும் என்றேன்.

செவ்வாய், பதிவு அறை

கல்லூரிப் பெண் பதற்றத்தில் காலையில் சாப்பிடவில்லை. சித்தி வற்புறுத்தி இட்லி கட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் முழுக்க ஒரு தாளில் எழுதுவதும் அடிப்பதுமாக வந்தாள்.

நாகஸ்வரக்காரர் அறுபதைத் தாண்டியவர். தவிலுக்கு அவருடைய மைத்துனர் மகன். மைத்துனர் மகன் உட்கார்ந்ததும் வலக்கை விரல்களில் ஒவ்வொன்றாகக் கூடுகளை மாட்டினான். துணிச்சுற்றில் பசை ஏற்றிக் காயவைத்துக் கல்லாக இறுகியவை. பெரியவர் நாகஸ்வரத்தை உறையிலிருந்து எடுத்தார். நரசிங்கம்பேட்டை வேலை, ஆச்சா மரம். அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்றேன். “குறியீடு கிடைத்தது, மரம் கிடைக்க மாட்டேன் என்கிறது” என்றார். பழைய வீடுகளை இடிக்கும்போது உத்தரத்திலிருந்து எடுத்த மரம்தான் சரிப்படும். பச்சை மரம் வெடித்துவிடும். நாகஸ்வரத்தின் மேல்முனையில் உள்ள உலோகக் குழலான கெண்டையில் நூலோடு கட்டித் தொங்கின சீவாளிகள், வாயில் வைத்து ஊதும் பகுதிகள். நாணல் தட்டையில் செய்தவை. ஒன்றை வாயில் போட்டு நனைத்துக்கொண்டே ஊசியால் அதன் வாயைக் கொஞ்சம் விரித்தார், ஊதிப் பார்த்தார், முகம் சுளித்தார், அடுத்ததை எடுத்தார். மூன்றாவது ஒத்துவந்தது. பிறகு அடியிலுள்ள துளைகளில் ஒன்றில் மெழுகைக் கட்டைவிரலால் அழுத்திச் சுருதி சேர்த்தார். ஏழு துளை விரலுக்கு, கீழே உள்ள ஐந்து மெழுகுக்கு என்று கல்லூரிப் பெண்ணுக்குச் சொன்னார். அவள் உடனே தாளில் எழுதிக்கொண்டாள்.

முதல் ஊதலுக்கே கலவைப் பலகையில் முள் சிவப்பில் போய் முட்டி நின்றது. இயந்திரத்தைக் கவனித்த மாணவன் பயந்து குமிழைக் கீழே இறக்கினான். “மைக்கைத் தள்ளி வையுங்கள் தம்பி. இது தெருவுக்குச் செய்த வாத்தியம்” என்றார் பெரியவர். மைக்கை அறைக் கதவு வரை கொண்டுபோனார்கள். தவிலுக்கு முன்னால் ஒரு பாயை மடித்து நிறுத்தினார்கள். சுருதிப் பெட்டியைப் பெரியவர் மடிக்கு அருகே இழுத்துக்கொண்டார்.

அவள் பேசினாள். குரல் நடுங்கியது, இரண்டாவது வாக்கியத்தில் சரியாகிவிட்டது. இது ஆச்சா மரத்தில் செய்த நாகஸ்வரம், சீவாளியை நனைத்தால்தான் பேசும், இப்போது கேட்கப்போவது பிலஹரி, கோயிலில் இந்தக் காலை வேளைக்கு வாசிக்கிற ராகம், மேலே போகும்போது ஐந்து சுரம், இறங்கும்போது ஏழும் வரும், இறங்குவதைக் கவனியுங்கள். அவ்வளவுதான் சொன்னாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற துப்புரவுப் பணியாளர் அம்மா, “இறங்குகிறது, இறங்குகிறது” என்று என் முழங்கையை இடித்தார். பிலஹரி என்ற பெயரை அதற்கு முன் கேட்டதில்லையாம். திருவிழாவில் இதே பெரியவர் வாசித்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாராம்.

பதிவு முடிந்ததும் தேநீர். பேராசிரியை ஞாயிறு காலை ஆறு மணிக்கு அரை மணி நேரம் தர முடியும் என்றார், மூன்று மாதம் நடத்திப் பார்க்கலாம். பெரியவர் தேநீரை ஆற்றிக்கொண்டே நிபந்தனை போட்டார். நடுவில் வெட்டி விளம்பரம் போடக்கூடாது. இயற்றியவர் பெயரைச் சொல்ல வேண்டும். தவில்காரர் பெயரை என் பெயரோடு சேர்த்து, அதே மூச்சில் சொல்ல வேண்டும், கடைசியில் அவசரமாகச் சொல்லக்கூடாது. மைத்துனர் மகன் கூடுகளைக் கழற்றுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

எல்லாவற்றுக்கும் பேராசிரியை சம்மதித்தார். காலை ஆறு மணிக்குப் பூபாளமா, பௌளியா என்று பெரியவரும் கல்லூரிப் பெண்ணும் பேச ஆரம்பித்தார்கள். பெரியவர் திடீரென்று டம்ளரைக் கீழே வைத்தார்.

“அரை மணி என்றா சொன்னீர்கள்? ஆலாபனைக்கே இருபது நிமிடம் ஆகும் அம்மா. பல்லவி வாசிக்க நான் அடுத்த ஞாயிறு வர வேண்டுமா?”

நான் கிளம்பும்போது நாற்பத்தைந்து நிமிடம் வரை பேரம் வந்திருந்தது.